ஒரு கண்ணியைக் கழற்றிய கதை

சத்தம்தான் முதலில் கேட்டது. ஹாலில் ஓடிக்கொண்டிருந்த டாங்கியின் வலப்பக்கத்திலிருந்து ‘டக்’ என்று ஒரு தட்டல். ஒரு சாண்கூட நகர்ந்திருக்காது, மறுபடியும் ‘டக்’. ஒன்பது வயது மகள் ரிமோட்டின் குச்சியை ஓரமாகத் தள்ளி, வண்டியைச் சோபாவுக்கு முன்னால் வட்டமடிக்க வைத்தாள். அரை வட்டம்கூட முடியவில்லை. வலப்பக்கச் சங்கிலி பிதுங்கி வெளியே வந்து, உரித்துப் போட்ட பாம்புச் சட்டை மாதிரி தரையில் நீண்டு கிடந்தது. மிச்சமிருந்த ஒற்றைச் சங்கிலியோடு டாங்கி நின்ற இடத்திலேயே செக்குமாடாகச் சுற்றியது.

“அப்பா, மறுபடியும் கழண்டுடுச்சு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அது நான்காவது தடவை. 2014-ஆம் ஆண்டு, பட்டாபிராமில் அந்த அப்பா குடியிருந்த வீடு. வங்கியில் வேலை, கணக்கு நேராகாமல் வீட்டுக்குக் கிளம்பிப் பழக்கமில்லாதவர். நான்கு தடவை மாட்டியும் நிற்காத ஒரு பொம்மைச் சங்கிலி அவரை எந்த அளவுக்கு உறுத்தியிருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த வண்டி அது. ஜெர்மானியர்களின் டைகர் 1 டாங்கியைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த ரேடியோ கண்ட்ரோல் மாடல். நிஜ டைகர் பீரங்கிக் குழாயோடு சேர்த்து 8.45 மீட்டர் நீளம். மாடல் 53 சென்டிமீட்டர். எஞ்சின் உறுமும், கோபுரம் திரும்பும், பின்னால் புகைகூட வரும். குழந்தைக்கு என்று சொல்லித்தான் பெட்டி வீட்டுக்குள் வந்தது. முதல் நாள் இரவு பன்னிரண்டு மணி வரை அதைத் தரையில் ஓட்டிக்கொண்டிருந்தது குழந்தை அல்ல.

கழன்ற சங்கிலியைக் கையில் எடுத்ததும் அவருக்குத் தோன்றியது சைக்கிள். நம் ஊரில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்களுக்கெல்லாம் இந்த வைத்தியம் தெரியும். செயின் அடிக்கடி கழன்றால் அது லூஸாகிவிட்டது என்று அர்த்தம். பின் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்கும் இடமில்லை என்றால் கடைக்காரர் ஒரு கண்ணியைத் தட்டி எடுத்துவிடுவார். இதிலும் அதையே செய்தால் என்ன? கண்ணிகளைக் கோத்திருந்த சிறு பின்களில் ஒன்றைத் தையல் ஊசியால் தள்ளி வெளியே எடுத்து, ஒரு கண்ணியைக் கழற்றி, மிச்சத்தை இழுத்துப் பிடித்து மாட்டினார். விரலால் தட்டிப் பார்த்தபோது சங்கிலி தம்பூரா தந்தி மாதிரி விறைப்பாக இருந்தது. திருப்தி.

ஒரு நாள் முழுக்க அது கழலவில்லை. ஆனால் வண்டியின் குரல் மாறிவிட்டது. மோட்டார் முனகியது. இருபது நிமிடம் ஓடும் பேட்டரி பத்து நிமிடத்தில் படுத்தது. அடிப்பகுதியைத் தொட்டால் சூடு. நேராக ஓட்டினால் வலப்பக்கம் இழுத்தது. இரண்டாம் நாள் மாலை சங்கிலி மறுபடியும் கழன்றது. இந்த முறை வெளிப்பக்கமாக அல்ல, உள்பக்கமாக. சக்கரங்களுக்கும் உடலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு அதை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

இந்தச் சங்கடம் டாங்கி என்ற பொருள் பிறந்த நாளிலேயே கூடப் பிறந்தது. 1915-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் வில்லியம் ஃபாஸ்டர் நிறுவனத்தின் பட்டறையில் உலகின் முதல் டாங்கி உருவானது. பிற்பாடு அதற்கு ‘லிட்டில் வில்லி’ என்று பெயர் வந்தது. அமெரிக்காவிலிருந்து தருவித்த டிராக்டர் சங்கிலிகளைத்தான் முதலில் அதில் மாட்டினார்கள். வயலில் உழுவதற்கு அவை போதும். பதுங்குகுழியைத் தாண்டும்போது அடிச்சங்கிலி தொங்கிவிடும். மறுகரை ஏறி சக்கரங்கள் திரும்ப வந்து அமரும்போது சங்கிலி தன் இடத்தில் இருக்காது, கழன்றுவிடும். வில்லியம் டிரிட்டனும் வால்டர் வில்சனும் அந்தச் செப்டம்பரில் புதிய சங்கிலி ஒன்றைச் செய்தார்கள். அழுத்தி உருவாக்கிய எஃகுத் தகடுகளைக் கண்ணிகளில் அறைந்து, தொங்கினாலும் சட்டத்தை விட்டு விலகாதபடி வழிகாட்டி வைத்த சங்கிலி. அது நின்றது. ஒரு வருடம் கழித்து, 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்ஸில் ஃப்ளெர்–கூர்செலெட் களத்தில் டாங்கிகள் முதன்முதலாகப் போருக்குப் போயின. கவசம், பீரங்கி என்று பெரிய விஷயங்களைப் பேசுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். சங்கிலி கழலாமல் இருந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இதையெல்லாம் அவர் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டார். அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்ட விவரம் அதே ஹாலில், ஈஸி சேரில், ‘தினத்தந்தி’க்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

அவருடைய அப்பா 1968-லிருந்து 2006 வரை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். 1965 டிசம்பரில் அந்தத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு, 105 மில்லிமீட்டர் பீரங்கி, பக்கத்துக்கு ஆறு சக்கரம். அதற்குப் பிறகு ‘அஜேயா’ என்ற பெயரில் டி-72 வந்தது. அதற்குப் பிறகு அர்ஜுன். மகனுக்குச் சின்ன வயதில் டாங்கி என்றால் எஸ்டேட் குவார்ட்டர்ஸின் ஜன்னல் கண்ணாடி அதிர்வது. சோதனை ஓட்டத்துக்குப் போகிற வண்டியின் உறுமல். அப்பா அங்கே சரியாக என்ன வேலை செய்தார் என்று மகன் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்பாவும் சொன்னதில்லை. டிபன் கேரியரோடு போவார், கிரீஸ் வாசனையோடு வருவார். அந்தக் காலத்து அப்பாக்கள் பலரும் அப்படித்தான்.

பொம்மை வந்த அன்று அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “எடையே இல்லியே” என்றார். அதோடு சரி. பிறகு இரண்டு வாரம் பேப்பருக்குப் பின்னாலிருந்து அந்த ‘டக்… டக்’கைக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது ஞாயிறு மகன் இரண்டாவது கண்ணியைக் கழற்ற ஊசியை எடுத்தபோது பேப்பர் மடங்கியது.

“கண்ணியை எதுக்குடா எடுக்கிற?”

“லூஸா இருக்குப்பா. கழண்டுகிட்டே இருக்கு.”

“லூஸா இருந்தா டக்குனு சத்தம் வரும்னு யார் சொன்னா? சத்தம் எத்தனை தடவை வருதுன்னு எண்ணுனியா?”

எண்ணவில்லை. பேத்தியை அழைத்து அவளுடைய அம்மாவின் நகப்பூச்சைக் கொண்டுவரச் சொன்னார் அப்பா. வலப்பக்கச் சங்கிலியில் ஒரு கண்ணியின் மேல் சிவப்பாக ஒரு பொட்டு. பிறகு வண்டியை இரண்டு செங்கல்லின் மேல், சங்கிலி தரையில் படாதபடி தூக்கி வைக்கச் சொன்னார். “மெதுவா ஓட்டு பாப்பா. சிவப்புப் பொட்டு ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள எத்தனை டக்குன்னு சொல்லு.”

ஐந்து, சில சமயம் நான்கு என்றாள் குழந்தை.

இதற்குள் ஒளிந்திருந்த கணக்கு வங்கிக்காரருக்குப் பிடித்துப்போனது. நிஜ டைகரின் ஒரு பக்கச் சங்கிலியில் 96 கண்ணிகள்; முன்னால் இருந்து இழுக்கும் பல்சக்கரத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட்டில், 20 பற்கள். அந்த மாடலும் இதே எண்ணிக்கையில் செய்யப்பட்டிருந்தது. சங்கிலி ஒரு முழுச்சுற்று வருவதற்குள் ஸ்ப்ராக்கெட் ஏறக்குறைய 4.8 தடவை சுற்ற வேண்டும். கோளாறு ஏதோ ஒரு கண்ணியில் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு ‘டக்’தான் வரும். ஐந்து வருகிறது என்றால் கோளாறு சங்கிலியில் இல்லை; ஸ்ப்ராக்கெட் தன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தட்டுகிறது. ஒரு சாண் தூரத்துக்குள் சத்தம் திரும்ப வந்ததற்கும் அதுதான் காரணம். அந்தச் சின்னச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 16 சென்டிமீட்டர்.

மூன்று வாரமாக அவர் சங்கிலியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியிருக்கிறார். அது வெறும் சாட்சி.

ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். ஆடியது. நடுவில் அதைத் தண்டோடு பிணைக்கும் ஸ்க்ரூ பாதி கழன்றிருந்தது. ஓட ஓட அதிர்ந்து தானாகத் திரும்பி வந்திருக்க வேண்டும். அதனால் சக்கரம் ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்து, கோணலாக உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கத்துப் பற்கள் கண்ணியின் துளைக்குள் இறங்காமல் விளிம்பில் ஏறி, வழுக்கி விழும். அந்த விழும் சத்தம்தான் ‘டக்’. வண்டி நேராகப் போகும்வரை சமாளித்துவிடும். திரும்பும்போதுதான் தரை சங்கிலியைப் பக்கவாட்டில் தள்ளும். ஏறி நிற்கிற கண்ணி அந்த நேரம் பார்த்து வெளியே விழும்.

ஸ்க்ரூவை முறுக்கினால் முடிந்தது என்று மகன் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். அப்பா விடவில்லை. “வெளிப்பக்கம் கழண்டதுக்கு அது காரணம். உள்பக்கம் கழண்டுச்சே, அதுக்கு?”

அதற்கு நூல் தேவைப்பட்டது. கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பதுபோல, சங்கிலியைக் கழற்றிவிட்டு, முன் ஸ்ப்ராக்கெட்டின் முகத்திலிருந்து பின்னால் இருக்கும் ஐட்லர் சக்கரத்தின் முகம் வரை ஒரு தையல் நூலை இழுத்துப் பிடித்தார்கள். ஐட்லர் என்பது வண்டியை இழுக்காத சக்கரம். சங்கிலியை மறுகோடியில் தாங்கித் திருப்பி அனுப்புவதும், முன்னும் பின்னும் நகர்ந்து விறைப்பைச் சரிசெய்வதும்தான் அதன் வேலை. இடப்பக்கம் நூல் இரண்டு முகத்திலும் ஒட்டியது. வலப்பக்கம் ஐட்லரின் மேல் விளிம்பு நூலை விட்டு உள்ளே சாய்ந்திருந்தது. கண்ணுக்கு ஒரு நூலிழைதான். வண்டியைப் பின்னாலிருந்து தரையோடு தரையாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தால் நன்றாகவே தெரிந்தது: ஒரு சக்கரம் நிமிர்ந்து நிற்கிறது, மற்றது சுளுக்கு விழுந்த கழுத்து மாதிரி உள்ளே மடங்கியிருக்கிறது.

அதைச் சாய்த்தது யார்? ஒரு கண்ணியைக் கழற்றித் தம்பூரா தந்தி மாதிரி மாட்டிய கைதான். இறுகிய சங்கிலி இரவும் பகலும் ஐட்லரை முன்னால் இழுத்துக்கொண்டிருந்தது. தண்டு மெல்லிய கம்பி. அதைத் தாங்கும் உடல் பிளாஸ்டிக். இரண்டும் விட்டுக்கொடுத்தன. சக்கரம் உள்ளே சாய்ந்தது. சாய்ந்த சக்கரத்தின் மேல் ஓடுகிற சங்கிலி உள்பக்கமாகவே நழுவும். முதல் கோளாறை ஸ்க்ரூ செய்தது. இரண்டாவதை வைத்தியம் செய்தது.

“தொங்கணும்டா. டிராக்குன்னா கொஞ்சம் தொங்கணும். எவ்ளோ தொங்கணும்ங்கிறதுதான் வேலை” என்றார் அப்பா. தொழிற்சாலையில் மேல் உருளைகளுக்கு நடுவே நூல் பிடித்து, அதற்குக் கீழே சங்கிலி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார்களாம். அதிகம் இறங்கினால் கழலும். இறங்கவே இல்லை என்றால் எஞ்சினின் பலம் சங்கிலியை வளைப்பதிலேயே வீணாகும், பின்களும் பேரிங்கும் தேயும். முப்பத்தெட்டு வருட வேலையைப் பற்றி அவர் வீட்டில் பேசிய முதல் நீண்ட பேச்சு அதுதான். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டாள்.

பழுது பார்த்ததை விவரமாகச் சொல்லலாம், விரும்புகிறவர்களுக்குப் பயன்படும். பழைய துண்டை நான்காக மடித்து, டாங்கியை அதன்மேல் கவிழ்த்தார்கள். கோபுரத்தையும் குழாயையும் முன்பே எடுத்துவிட்டார்கள். இல்லாவிட்டால் முதலில் உடைவது அதுதான். ஐட்லர் தண்டைக் கழற்றி, கண்ணாடி மேசைமேல் உருட்டினார்கள். நேரான கம்பி சத்தமில்லாமல் உருளும். இது துள்ளித் துள்ளிப் போனது. எங்கே துள்ளுகிறதோ அங்கே கட்டையின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு, மறுபடியும் உருட்டல். ஏழெட்டுத் தடவையில் துள்ளல் நின்றது. தண்டு நுழையும் பிளாஸ்டிக் துளை நீள்வட்டமாகியிருந்தது. அதற்குக் குளிர்பான டின்னை வெட்டி, காம்பஸ் முள்ளால் நடுவில் துளையிட்டு, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்ன வாஷர்கள் இரண்டு செய்தார் அப்பா. கத்தரிக்கோலால் வெட்டிய பிசிறை உப்புத்தாளில் தேய்த்துவிட்டுத்தான் மாட்டினார். இன்னொரு வாஷர் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் போனது. ஸ்க்ரூவின் மரையில் ஒரு துளி நகப்பூச்சு. அது காய்ந்தால் அதிர்வில் ஸ்க்ரூ தானாகக் கழலாது, வேண்டும்போது கழற்றவும் முடியும். கடையில் அதற்கென்றே பசை விற்கிறது. அன்றைக்கு வீட்டில் இருந்தது சிவப்பு நகப்பூச்சு.

கடைசியாக, கழற்றிய கண்ணி. ஸ்டீல் டப்பாவிலிருந்து அது திரும்பி வந்து 96-ஆவதாக உட்கார்ந்தது. “ரெண்டு பக்கமும் எண்ணு” என்றார் அப்பா. எண்ணினார்கள்.

சோதனை ஓட்டத்துக்கு ஹாலின் நடுவே கோலமாவு தூவப்பட்டது. யாருடைய யோசனை என்பதில் தாத்தாவுக்கும் பேத்திக்கும் இன்றும் தகராறு இருக்கிறது. மாவின் மேல் டாங்கி நேராகப் போனது. இடப்பக்கத் தடம் ஒரே அகலத்தில் சுத்தமாக விழுந்தது. வலப்பக்கத் தடத்தில் உள்விளிம்பு சற்றே அழுத்தமாக இருந்தது. வாஷரை ஒரு தடவை மாற்றினார்கள். மறுபடியும் மாவு. இப்போது இரண்டும் நூல் பிடித்தாற்போல விழுந்தன. சமையலறையிலிருந்து வந்த குரலை இங்கே எழுத வேண்டாம். மாவு கியருக்குள் போகும் என்பதையும், போனால் கிரீஸோடு சேர்ந்து களியாகும் என்பதையும் அடுத்த வாரம் தெரிந்துகொண்டார்கள். தடம் பார்க்கிறவர்கள் ஈரத் துணியில் ஓட்டிவிட்டு வெற்றுத் தரையில் பார்ப்பது நல்லது.

அதன் பிறகு ஒரு வருடம் பெரிய தொல்லை இல்லை. சின்னத் தொல்லை ஒன்று உண்டு: தலைமுடி. டைகரின் சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சீட்டுக்கட்டை விரித்த மாதிரி அடுக்கப்பட்டவை. 57 டன் எடையை மென்மையான மண்ணில் பரப்பித் தாங்குவதற்காக ஜெர்மானியப் பொறியாளர்கள் செய்த ஏற்பாடு அது. சவாரி சுகம், பராமரிப்பு நரகம். உள்வரிசைச் சக்கரம் ஒன்று கெட்டால் அதை மறைக்கும் வெளிச்சக்கரங்களை எல்லாம் முதலில் கழற்ற வேண்டும். ருஷ்யக் குளிரில் சக்கரங்களுக்கு நடுவே சேறு உறைந்து இறுகி, வண்டி விடியற்காலையில் நகர மறுத்த கதைகள் பிரசித்தம். பட்டாபிராமில் பனி இல்லை. இரண்டு பெண்கள் தலைவாரும் வீட்டில் முடி இருக்கிறது. தண்டுகளில் சுற்றி, சக்கரத்தை மெல்ல மெல்ல இறுக்கி, ஒரு பக்கம் மட்டும் மந்தமாக்கிவிடும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்று ரிமோட்டைக் குறைசொல்லும் முன் அங்கே பார்ப்பது மேல். முனை வளைந்த இடுக்கி, பழைய பிளேடு, பொறுமை: மூன்றும் வேண்டும்.

2016-இல் உலோகச் சங்கிலி வந்தது. வாங்கியதற்குக் காரணம் அப்பா முதல் நாள் சொன்ன அந்த ஒரு வாக்கியம். எடையே இல்லியே. மகன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தார். நீளம் பதினாறில் ஒரு பங்கானால், எடை 16-ஐ மூன்று தடவை பெருக்கி வருகிற 4096-இல் ஒரு பங்காக வேண்டும். 57 டன்னை அதனால் வகுத்தால் ஏறக்குறைய 14 கிலோ. பழைய பேப்பர்க்காரரின் தராசில் மாடல் நான்கு கிலோவுக்கும் குறைவாக நின்றது. நிஜ டைகருக்கு மேல் உருளைகள் கிடையாது. மேற்சங்கிலி தன் பாரத்தில் தொய்ந்து பெரிய சக்கரங்களின் மேலேயே படுத்திருக்கும். புகைப்படங்களில் அந்தத் தொய்வுதான் அழகு. பிளாஸ்டிக் சங்கிலிக்கு அந்தப் பாரம் இல்லை. அது தொய்யாது, விறைத்துக்கொண்டு காற்றில் நிற்கும், குதிக்கவும் செய்யும். உலோகச் சங்கிலியை மாட்டியதும் மேற்பகுதி சக்கரங்களின் மேல் அலையலையாகப் படுத்தது. வண்டி ஒரு கிலோ கூடியது. ஓடும் சத்தம்கூட வேறு: கொலுசுக்கும் வண்டிச் சங்கிலிக்கும் நடுவே ஒரு சத்தம்.

அப்பாவின் முகத்தில் முதல் தடவையாக மரியாதை தெரிந்தது. பொம்மை மீதுதான்.

மூன்றாம் நாள் ‘டக்’ திரும்ப வந்தது. இந்த முறை குழந்தையே நகப்பூச்சை எடுத்துவந்துவிட்டாள். எண்ணினாள். ஒரு சுற்றுக்கு ஒன்று. “தாத்தா, இது கண்ணிதான்.” பொட்டு வைத்து வைத்துத் தேடியதில் மற்றவை போல மடங்காத கண்ணி ஒன்று கிடைத்தது. துளையில் வார்ப்புப் பிசிறு. பின்னை எடுத்து, துளையை ஊசி அரத்தால் இரண்டு தடவை தேய்த்ததும் சரியாகிவிட்டது.

அடுத்து, தேய்மானம். உலோகச் சங்கிலி பிளாஸ்டிக் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை ஒரு மாதத்தில் சீவிவிட்டது. பல் கூர்மையானால் கண்ணி ஏறும், ஏறினால் கழலும். சங்கிலியை மட்டும் உலோகமாக மாற்றினால் போதாது, முன் சக்கரமும் பின் சக்கரமும் கூடவே மாற வேண்டும் என்பதைச் செலவழித்தே கற்றார். வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த உற்சாகத்தில் காதில் விழுந்திருக்காது.

அதற்கடுத்து, பின்கள். ஓடும் அதிர்வில் பின்கள் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து வெளியே எட்டிப் பார்க்கும். கவனிக்காமல் விட்டால் ஒன்று விழும், சங்கிலி இரண்டாகும். சோவியத் டி-34 டாங்கியில் இதற்கு ஒரு விவசாயித்தனமான தீர்வு உண்டு. அதன் பின்கள் உள்பக்கமாக நகர்ந்தால் உடலோடு பற்றவைத்த ஒரு சரிவுத் தகட்டில் உரசும்; ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தகடு அவற்றைத் தட்டித் தட்டித் தம் இடத்துக்கே திருப்பித் தள்ளிவிடும். பூட்டும் கிடையாது, மரையும் கிடையாது. ஆயிரக்கணக்கில் செய்து தள்ள வேண்டிய வண்டிக்கு அதைவிட மலிவான வழி இருக்க முடியாது. அவருடைய டைகரில் அப்படி ஒரு தகடு வைக்க இடமில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் குழந்தை விரல் நகத்தால் வரிசையாகத் தடவிப் பார்ப்பாள். நீட்டிக்கொண்டிருப்பதைக் கட்டையால் தட்டுவாள். தொலைந்துபோன பின்களுக்குப் பதில் அதே கனத்தில் எஃகுக் கம்பியை வெட்டிப் போட்டார்கள்.

இரண்டு மாதம் ஓடியபின் சங்கிலி அளவுக்கு மீறித் தொங்கியது. உலோகம் நீளவில்லை, துளைகளும் பின்களும் ஒன்றோடொன்று தேய்ந்து உட்கார்ந்ததில் ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் இழை கூடியது. 96 இழை சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும். ஐட்லரைப் பின்னால் நகர்த்தி நகர்த்தி அதன் கடைசி எல்லைக்கு வந்துவிட்டார்கள். நூல் பிடித்தார்கள், நேராக இருந்தது. ஸ்க்ரூ ஆடவில்லை. முடி இல்லை. ‘டக்’ இல்லை. ஆனாலும் திருப்பத்தில் கழன்றது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை சுற்றிப் பார்த்தார்.

“இப்ப எடு” என்றார். “ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு.”

இரண்டு வருடத்துக்கு முன் எதற்காகத் திட்டு வாங்கினாரோ அதே வேலையை, அவர் சொல்லியே செய்தார் மகன். கைதான் கொஞ்சம் தயங்கியது.

மொட்டை மாடிக்கு வண்டி போனது அந்தக் கோடையில்தான். ஆற்று மணல் ஒரு குவியல், செங்கல் ஜல்லி கொஞ்சம், பழைய ஓடுகள். குழந்தைக்குப் போர்க்களம், தாத்தாவுக்கு டெஸ்ட் டிராக். மணலில் கழன்றதற்குக் காரணம் சீக்கிரம் புரிந்தது: ஈர மணல் ஸ்ப்ராக்கெட்டின் பற்களுக்கு நடுவே அடைத்து இறுகும். சக்கரம் தடித்த மாதிரி ஆகும். சங்கிலி விறைத்து, பல்லின் மேல் ஏறும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் தீர்ந்தது. சேறு விஷயத்தில் நிஜ டாங்கிக்கும் இதே கதிதான். அங்கே பிரஷ்ஷுக்குப் பதில் கடப்பாரை. கழன்ற சங்கிலியை மாட்ட நாலு பேர் கடப்பாரையும் சம்மட்டியுமாக மல்லுக்கட்டுவார்கள் என்று அப்பா சொன்னதும், டைகரைக் கையில் தூக்கி விரலால் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்த பேத்தி சிரித்தாள்.

ரிவர்ஸில் கழன்றதற்குத்தான் நெடுநேரம் காரணம் கிடைக்கவில்லை. முன்னால் போகும்போது எத்தனை திருப்பினாலும் நின்றது. பின்னால் வரும்போது திருப்பினால் விழுந்தது. கடைசியில் செங்கல்லின் மேல் ஏற்றிப் பின் சக்கரத்தைக் கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார்கள். டைகருக்கு இழுவைச் சக்கரம் முன்னால். முன்னோக்கி ஓடும்போது அது மேற்சங்கிலியை இழுக்கிறது. மேல்பகுதியும் பின் ஐட்லரும் இறுக்கமாக இருக்கும். பின்னோக்கி ஓடினால் அது கீழ்ச்சங்கிலியை இழுக்கிறது. இருக்கிற தொய்வெல்லாம் மேலே சேர்ந்து ஐட்லரை நோக்கிப் போகும். தளர்ந்த சங்கிலி ஐட்லர் மேல் வந்து உட்காரும் அதே நேரத்தில் பக்கவாட்டில் ஒரு தள்ளு விழுந்தால் சங்கிலியை வழிநடத்தக் கண்ணிகளில் இருக்கும் கொம்புகள் சக்கரத்தின் விளிம்பில் ஏறிவிடும். விஜயந்தாவுக்கும் டி-72-க்கும் இழுவைச் சக்கரம் பின்னால் இருப்பதால் கணக்கு தலைகீழ் என்றார் அப்பா. அவற்றுக்கு முன்னோக்கி ஓடும்போதுதான் மேலே தொய்வு.

நிஜ டைகர்களில் ஒன்று இன்றும் தன் எஞ்சினில் ஓடுகிறது. 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் சிக்கிய ‘டைகர் 131’, இங்கிலாந்தின் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லிட்டில் வில்லியும் அங்கேதான். டைகர் ஓடும் காட்சியைக் குழந்தை செல்போனில் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினாள். கூட்டம் கோபுரத்தையும் பீரங்கியையும் பார்த்துக் கைதட்டியது. கிழவர் திரையில் விரலை வைத்து நிறுத்தச் சொன்னது மேற்சங்கிலியின் தொய்வை. “சரியா வச்சிருக்கான்” என்றார்.

பட்டாபிராம் டைகர் இப்போது ஸ்டீல் பீரோவின் மேல் நிற்கிறது. பக்கத்துக்கு 95 கண்ணி. ஸ்ப்ராக்கெட் ஸ்க்ரூவில் சிவப்பு நகப்பூச்சு. மாதம் ஒரு தடவை இறக்கி ஓட்டுவார்கள். ஜல்லியில், ரிவர்ஸில், முழுத் திருப்பம்: இந்த மூன்றும் சேர்ந்தால் இன்னும் கழல்கிறது. அதற்கு என்ன செய்வது என்று கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. “அங்க ஓட்டாதே.”